ரோகிணியும் கௌரியும்

தல்லாகுளத்தில் 'வெள்ளைத்துரை அண்ட் சன்ஸ்' என்று பெரிய போர்டு வைத்த பைக் ஷோரூமில் சன்ஸ் என்று யாரும் கிடையாது. முதலாளி வெள்ளைத்துரைக்கு இரண்டுமே பெண்கள். போர்டு எழுதியபோது இருந்த நம்பிக்கையில் எழுதியது, அப்படியே நின்றுவிட்டது. அதை மாற்றச் சொல்ல யாருக்கும் தைரியம் இல்லை. சொன்னால், சொன்னவனுக்குப் பெயிண்டர் என்ன கொடுத்தான் என்றுதான் முதலாளி முதலில் யோசிப்பார். பிறவியிலேயே சந்தேகம் பிடித்த மனுஷர்.

அவரிடம் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்கு வந்திருந்தாள் ரோகிணி. செக்கானூரணிப் பக்கத்து விவசாயக் குடும்பத்துப் பெண். சென்னையில் ஒரு கம்பெனியில் எவனோ சொதப்பியதற்கு இவள் தலையை உருட்டி வெளியே அனுப்பியிருந்தார்கள். சூடு கண்ட பூனை. இங்கே ஆறு மாதம் தற்காலிகம், அதற்குப் பிறகு நிரந்தரம் என்று பேச்சு. ஆறாவது மாதம் நடந்துகொண்டிருந்தபோதுதான் புது சாஃப்ட்வேர் வந்து சேர்ந்தது.

வண்டி தயாரிக்கும் கம்பெனிக்காரர்கள், தங்கள் டீலர்கள் எல்லோரும் இனி இந்த சாஃப்ட்வேரில்தான் பில் போட வேண்டும் என்று உத்தரவு போட்டிருந்தார்கள். அதை ஆடி மாதத்திலேயே போட்டிருக்கலாம். ஆடியில் யார் வண்டி எடுக்க வருகிறார்கள்? கவுண்டர்களில் ஈ ஓட்டிக்கொண்டிருந்த நேரம். ஆனால் வெள்ளைத்துரை ஒத்துக்கொள்ளவில்லை.

"ஆடியில புதுசா எதையும் தொடக்கூடாதும்மா. ஆவணி பெறக்கட்டும்."

ஆவணி பிறந்தது. முகூர்த்தங்கள் வந்தன. மாலையும் எலுமிச்சம்பழமுமாகக் கூட்டம் மொய்த்தது. அந்த நெரிசலுக்கு நடுவில்தான் ரோகிணி சாஃப்ட்வேரை ஏற்ற வேண்டியிருந்தது. கடையை அடைத்த பிறகு ஏற்றலாம் என்றால் அதுவும் நடக்காது. கடையும் இரண்டு கிளைகளுமாக மூன்று இடத்திலும் மெயின் சுவிட்சை அணைத்துவிட்டுத்தான் பூட்ட வேண்டும் என்பது முதலாளியின் சட்டம். ஆகவே பகலிலேயே, கவுண்டரில் கூட்டம் வடிகிற நேரம் பார்த்து அனுப்புவது என்று முடிவு செய்தாள். தினமும் ஏதோ ஒரு நேரத்தில் கூட்டம் சொல்லிவைத்தாற்போல் வடியத்தான் செய்தது. ஒவ்வொரு நாளும் அது ஒவ்வொரு நேரமாக இருந்தது. ஏன் என்று அவள் யோசிக்கவில்லை. வடிந்தால் போதும் என்று இருந்தாள்.

தல்லாகுளத்து சர்வரில் ஒரு பட்டனை அமுக்கினால் இங்கேயும், ஒத்தக்கடையிலும், டி. கல்லுப்பட்டியிலும் இருக்கிற எல்லாக் கம்ப்யூட்டர்களுக்கும் சாஃப்ட்வேர் போய் உட்கார வேண்டும். ஆனால் ஒரு நிபந்தனை. எல்லாம் ஒன்றாகத்தான் மாறும். ஒன்று முரண்டு பிடித்தாலும் அத்தனையும் பழையதற்கே திரும்பிவிடும். கணக்கு ஒன்றுக்கொன்று முட்டிக்கொள்ளக் கூடாது என்று கம்பெனிக்காரர்கள் அப்படிச் செய்து வைத்திருந்தார்கள்.

திங்கட்கிழமை பட்டனை அமுக்கினாள். பச்சை பச்சையாக எரிந்துகொண்டு வந்த வரிசையில் நான்கைந்து மட்டும் சிவந்தன. 'இந்தக் கம்ப்யூட்டரை நம்ப முடியவில்லை' என்ற பொருளில் ஒரு செய்தி வந்தது. ஏன் நம்பவில்லை என்று சர்வர் சொல்லவில்லை. முதலாளிக்கு ஏற்ற சர்வர்தான். சற்று நேரத்தில் எல்லாமே பழைய சாஃப்ட்வேருக்குத் திரும்பிவிட்டன.

கேபிளை மாற்றினாள். பாஸ்வேர்டுகளைப் புதுப்பித்தாள். வைரஸ் தடுப்பை நிறுத்திவிட்டுச் செவ்வாய்க்கிழமை மறுபடி அனுப்பினாள். அன்றைக்கும் சிவப்பு. அதுவும் நேற்றுச் சிவந்த கம்ப்யூட்டர்களில் இரண்டு இன்று பச்சை. நேற்று ஒழுங்காக இருந்த ஒன்று இன்று சிவப்பு. இயந்திரக் கோளாறு என்றால் ஒரே இடத்தில் இருக்கும். இடம் மாறி மாறி வருகிறதென்றால் அது கோளாறு இல்லை, ஆள்.

புதன்கிழமை காலை பஸ் பிடித்து டி. கல்லுப்பட்டிக்குப் போனாள். முந்தின நாள் சிவந்த கம்ப்யூட்டர் அங்கேதான் இருந்தது. போய்ப் பார்த்தால் அது பால் குடிக்கத் தெரியாத பூனை மாதிரி உட்கார்ந்திருந்தது. சர்வரோடு பேசச் சொன்னால் பேசியது. ஒரு குறையும் இல்லை. அந்தக் கவுண்டரில் இருந்த சுபலட்சுமி என்ற பெண்தான் முகம் வெளிறிப் போய் நின்றாள்.

"நேத்து சாயங்காலம் இதுல யாரு கை வச்சது?" என்று ரோகிணி கேட்டாள்.

"யாரும் இல்லக்கா. நான் மட்டுந்தேன் இருந்தேன்."

"நீ என்ன செஞ்ச?"

"நான் ஒண்ணும் செய்யலக்கா. பில்லு போட்டேன், அம்புட்டுத்தேன்."

சொல்லும்போதே அவள் கை மேஜை மேல் இருந்த செல்போனைத் திருப்பிக் கவிழ்த்து வைத்தது. ரோகிணி அதைப் பார்த்தாள். ஒன்றும் செய்யாதவள் எதற்குப் போனைக் கவிழ்க்கிறாள்?

அந்தக் கம்ப்யூட்டரின் பதிவுகளைத் திறந்தாள். எந்த நேரத்தில் என்ன நடந்தது என்று இயந்திரம் தானாக எழுதி வைக்கிற வரிகள். அவற்றைப் படித்தபோது அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. வரிசை குழம்பிக் கிடந்தது. பின்னால் நடந்தது முன்னால் நடந்ததாக எழுதியிருந்தது. பில் அச்சான பிறகுதான் பில் போட ஆள் உள்ளே நுழைந்ததாக ஒரு வரி. இயந்திரம் பொய் எழுதாது. அப்படியானால் யாரோ உள்ளே புகுந்து பதிவுகளைத் திருத்தியிருக்கிறார்கள். சும்மா குறும்புக்குச் செய்கிறவன் இந்த அளவுக்குப் போக மாட்டான், விஷயம் தெரிந்த கைதான் என்று முடிவு கட்டினாள்.

திரும்பி வந்ததும் அருள்பாண்டியிடம் பேச்சுக் கொடுத்தாள். அருள்பாண்டி விற்பனை மேனேஜர். தெரிந்ததைச் சொல்வார், தெரியாததை இன்னும் நன்றாகச் சொல்வார்.

"அண்ணே, பழைய சாஃப்ட்வேர் யாரு செஞ்சது?"

"சாய்பிரசாத்னு ஒருத்தன். ஒனக்கு முன்னால இந்தச் சீட்டுல இருந்தவன். கெட்டிக்காரன். இப்ப வெளிய தனியா ஆபீஸ் போட்டுருக்கான். நம்ம கடைக்கு வருசா வருசம் அவந்தான் பராமரிப்பு. புதுசு வந்துட்டா அவனுக்கு இங்க என்ன சோலி?" அருள்பாண்டி குரலைத் தாழ்த்தினார். "டெலிவரி கனகலட்சுமிக்கு அவன் சொந்தம். தெரியும்ல?"

ரோகிணிக்குத் தெரியாது. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். இவளுக்கு அதற்குப் பிறகு கனகலட்சுமியின் புடவை நிறம்கூடச் சந்தேகமாகத் தெரிய ஆரம்பித்தது.

கனகலட்சுமி டெலிவரி கவுண்டரின் மூத்த கை. கடை திறந்த நாளிலிருந்து இருக்கிறவள். சௌராஷ்டிரக் குடும்பம், நெசவை விட்டு இரண்டு தலைமுறை ஆகிறது. மெலிந்த உடம்பு, பெரிய சிரிப்பு. அவள் கையால் சாவி வாங்கினால் வண்டி விழாது என்று வாடிக்கையாளர்கள் நம்பினார்கள். ரோகிணி சேர்ந்த முதல் நாளே, "சாப்டியா ரோகிணி?" என்று கேட்டு டிபன் பாக்ஸ் மூடியில் பாதிச் சோற்றை அள்ளி வைத்தவள். அன்றிலிருந்து மதியம் தவறாமல் மூடி வந்துவிடும். ரோகிணியும் அக்கா அக்கா என்று கூப்பிட்டு வாங்கிச் சாப்பிட்டவள்தான். இப்போது அந்தச் சோற்றைப் பற்றியும் யோசித்தாள். சம்பந்தமில்லாத ஒருத்திக்கு இவள் எதற்குப் பரிந்து பரிந்து போட வேண்டும்?

சர்வர் அறைக்கும் டெலிவரி கவுண்டருக்கும் நடுவே ஒரு தள்ளு கண்ணாடி ஜன்னல்தான். ரோகிணி அதை ஒரு சாண் திறந்து வைத்துக்கொண்டு காதைத் தீட்டினாள். புதன் நடுப்பகலில் கூட்டம் வடிந்தது. பட்டனை அமுக்கினாள். கனகலட்சுமி போனை எடுத்தாள். யாரிடமோ சௌராஷ்டிரத்தில் பேசினாள். மடமடவென்று, சத்தமாக. ரோகிணிக்கு ஒரு வார்த்தை பிடிபடவில்லை. ஒன்றே ஒன்று மட்டும் இரண்டு மூன்று முறை காதில் விழுந்தது: கௌரி.

அந்தப் போனை வைத்துவிட்டு இன்னொரு போன். இது தமிழில். "சுபா, எழுதிக்க" என்று ஆரம்பித்து மீதியை வாயைக் கையால் மறைத்துச் சொன்னாள். அடுத்து ஒத்தக்கடைக்கு ஒன்று. அவள் போனைக் கீழே வைத்துச் சற்று நேரத்தில் ரோகிணியின் திரையில் டி. கல்லுப்பட்டி சிவந்தது, ஒத்தக்கடை சிவந்தது, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த கனகலட்சுமியின் கம்ப்யூட்டரும் சிவந்தது.

காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்ததாகவும் இருக்கலாம் என்று தன்னைத்தானே அடக்கிக்கொண்டாள். வியாழக்கிழமை, சாப்பாட்டு நேரம் தாண்டிக் கூட்டம் வடிந்தபோது அதே மாதிரி நடந்தது. அதே போன், அதே கௌரி, அதே சிவப்பு. தினமும் காக்கை உட்கார்ந்து தினமும் பழம் விழுந்தால் அது காக்கையின் குற்றம் இல்லாமல் வேறு என்ன?

"அண்ணே, கௌரின்னு நம்ம கடையில யாரும் இருக்காங்களா?"

அருள்பாண்டி மோவாயைத் தடவினார். "இங்க யாரும் இல்லையே. சாய்பிரசாத் பொண்டாட்டி பேரு என்னமோ... ஸ்வப்னாவோ என்னமோ. அவன் ஆபீஸ்ல புதுசா ஒரு பிள்ளைய வேலைக்குச் சேத்துருக்கான்னு கேள்வி. அந்தப் பிள்ளையா இருக்கும்."

போதாதா? ரோகிணியின் மனதில் கௌரிக்கு ஒரு முகமே வந்துவிட்டது. கண்ணாடி போட்ட, தன் வயசுள்ள, தன்னைவிடக் கெட்டிக்காரியான ஒருத்தி, எங்கேயோ ஒரு ஏசி அறையில் உட்கார்ந்துகொண்டு பதிவுகளைத் திருத்துகிறாள். இங்கே இருந்து கனகலட்சுமி கண்ணைக் காட்டுகிறாள்.

வியாழன் மாலை வெள்ளைத்துரை கூப்பிட்டார். அவருக்குக் கம்பெனியிலிருந்து இரண்டு தடவை போன் வந்துவிட்டது. தமிழ்நாட்டில் இன்னும் மாறாத டீலர்களில் அவர் ஒருவராம்.

"என்னம்மா, ஓடுமா ஓடாதா?"

"ஓடும் சார். ஆனா ஓட விடாமச் செய்றாங்க."

முதலாளியின் கண் சுருங்கியது. அவருக்குப் பிடித்த வாசம் அது. "யாரு?"

ரோகிணி தயங்கினாள். அந்தத் தயக்கத்தை அவள் பக்கத்துக்கு நியாயமாக நாம் சொல்லத்தான் வேண்டும். டிபன் மூடியில் இருந்த சோறு ஒரு நொடி கண்ணில் வந்து போனது.

"இந்தா பாரு தாயி," என்றார் வெள்ளைத்துரை. "நாளைக்குச் சாயங்காலத்துக்குள்ள இது ஓடணும். இல்லையா, எவன் கெடுக்குறான்னு பேரு சொல்லணும். ரெண்டும் இல்லேன்னா மெட்ராஸ்காரய்ங்ககிட்டக் குடுத்துட்டுப் போயிருவேன். அப்பறம் ஒனக்கு இங்க வேலை இல்ல. பேரச் சொல்லு, ஒன் பேர நாளைக்கே பெர்மனென்ட்ல ஏத்துறேன்."

"கனகலட்சுமி அக்கா மேல சந்தேகமா இருக்கு சார்."

சொல்லிவிட்டாள். முதலாளி நாற்காலியில் சாய்ந்தார். இத்தனை வருஷம் கூட இருந்தவள் என்று அவர் அதிர்ந்துபோகவில்லை. சந்தேகப்படுகிறவனுக்கு அது ஒரு வசதி. யார் பெயரைச் சொன்னாலும் ஏற்கெனவே பாதி தெரிந்த மாதிரிதான் இருக்கும்.

"நெருப்பில்லாமப் புகையாது. ஆனா சும்மா சொன்னாப் பத்தாது. கையும் களவுமாப் பிடி. பிடிச்சுட்டேன்னா அந்த நிமிசமே அவள வெளிய அனுப்பிருவேன்."

வெள்ளிக்கிழமை. காலையில் கடை கொள்ளாத கூட்டம். கம்பெனிக்குப் பயந்து பழைய சாஃப்ட்வேரிலும் எழுதி, புதியதற்காகத் தாளிலும் எழுதி வைத்துக்கொண்டிருந்ததால் கவுண்டரில் ஒவ்வொரு வேலையும் இழுத்துக்கொண்டே போனது. பத்தரை மணி தாண்டியதும் வழக்கம்போல வாசல் காலியானது. உள்ளே ஏற்கெனவே வந்து உட்கார்ந்திருந்தவர்கள் மட்டும் பேப்பருக்காகக் காத்திருந்தார்கள். கனகலட்சுமியின் எதிரே ஒரு கிராமத்துக் குடும்பம். அப்பா, அம்மா, கல்லூரியில் வேலை கிடைத்திருக்கிற மகள். மகளுக்கு நீல நிற ஸ்கூட்டர். மாலை போட்டு, சக்கரத்துக்குக் கீழே எலுமிச்சம்பழம் வைத்து, வாசலைப் பார்த்து நிறுத்தியிருந்தது.

ரோகிணி பட்டனை அமுக்கினாள். கண்ணைத் திரையில் வைத்தாள், காதை ஜன்னலில் வைத்தாள்.

கனகலட்சுமி போனை எடுத்தாள். சௌராஷ்டிரம். சிரிப்பு. மறுபடியும் சௌராஷ்டிரம். பிறகு, கேட்கக் கூடாததைக் கேட்டாள் ரோகிணி. தன் பெயரை.

"...ரோகிணி..." என்றாள் கனகலட்சுமி. போனில் இருந்தவருக்குச் சரியாகக் கேட்கவில்லை போலிருக்கிறது. "ரோகிணி, ரோகிணி!" என்று அழுத்திச் சொன்னாள். தொடர்ந்து என்னவோ. தொடர்ந்து கௌரி.

ரோகிணிக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு எரிந்தது. ஆறு மாதமாக இவள் கையால் சாப்பிட்டிருக்கிறேனே என்று நினைத்தாள். கனகலட்சுமியின் வலது கை மவுஸை நகர்த்தி, திரையின் கீழ் மூலைக்குப் போனது. எதையோ மாற்றியது. ரோகிணியின் திரையில் அந்தக் கம்ப்யூட்டர் சிவந்தது.

கதவைத் தள்ளிக்கொண்டு ஓடி, கனகலட்சுமியின் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"கைய எடுக்காதீங்க! அப்படியே இருங்க!"

கடை திரும்பிப் பார்த்தது. அருள்பாண்டி எழுந்து வந்தார். மாடியிலிருந்து முதலாளி இறங்கி வருகிற சத்தம் கேட்டது. இதற்காகவே காத்துக்கொண்டிருந்திருப்பார்.

"என்ன ரோகிணி? கைய விடு, வலிக்குது," என்றாள் கனகலட்சுமி.

"தெனமும் யாருக்குப் போன் பண்ணி என்ன சொல்றீங்க? எனக்குப் புரியக் கூடாதுன்னுதான அந்தப் பாஷையில பேசுறீங்க? என் பேரு எதுக்கு வந்துச்சு?" ரோகிணியின் குரல் கிறீச்சிட்டது. "சொல்லுங்க. யாரு அந்த கௌரி?"

பதில் எதிரே இருந்த அம்மாளிடமிருந்து வந்தது. அவர் பெயர் முத்துத்தாய் என்று மேஜை மேல் இருந்த பேப்பரில் பின்னால் ரோகிணி படித்துத் தெரிந்துகொண்டாள்.

"ஏந்தாயி, கௌரி யாருன்னு தெரியாமயா இம்புட்டுப் படிச்சுப்புட்டு இங்க உக்காந்துருக்க? காலண்டர்ல கெழிக்கிற தாள்ல இருக்கால்ல. ராகுகாலம், எமகண்டம், அதுக்குப் பக்கத்துல கௌரி நல்ல நேரம்னு."

யாரோ சிரித்தார்கள்.

"ரோகிணி எம்மக நச்சத்திரம்," என்றார் முத்துத்தாய். "நாங்கதான் கேக்கச் சொன்னோம். பத்து மணிக்கு முந்தியே வந்து, நல்ல நேரத்துல வண்டியத் தொட்டுக் கும்பிட்டாச்சு. இவுங்க பேப்பரு வர லேட்டாகி ராகுகாலம் பெறந்துருச்சு. ராகுகாலத்துல அடிச்ச பேப்பர நாங்க எப்பிடிம்மா வீட்டுக்குக் கொண்டுபோறது?"

கனகலட்சுமி தன் கையை உருவிக்கொண்டாள். போன் இன்னும் அணையவில்லை. அதிலிருந்து ஒரு வயசான குரல், 'கனகு? கனகு?' என்று கூவிக்கொண்டிருந்தது. அவள் அதைத் தூக்கி எல்லோருக்கும் கேட்கிற மாதிரி பிடித்தாள்.

"எங்க பெரியப்பா. பஞ்சாங்கம் பாப்பாரு. காது கேக்காது. சின்னப் பிள்ளையில இருந்து அவருகிட்ட நாங்க எங்க பாஷையிலதான் பேசுவோம். எந்த நச்சத்திரத்துக்கு எந்த நேரம் ஒத்துக்கும்னு கேட்டு, மத்த கவுண்டருக்கும் நான்தான் சொல்லுவேன். கம்ப்யூட்டர்ல நேரத்த அதுக்குத் தள்ளி வச்சுப் பேப்பர் எடுப்போம். எடுத்ததும் சரியாக்கிருவோம். இம்புட்டுத்தான்."

ரோகிணி கனகலட்சுமியின் திரையைப் பார்த்தாள். வலது கீழ் மூலையில் சின்னதாக நேரம் தெரிந்தது. சுவர்க் கடிகாரம் பதினொன்றைத் தாண்டியிருந்தது. திரையில் இன்னும் பத்தேகால்.

எல்லாம் ஒரே நொடியில் விளங்கிவிட்டது. சர்வர் ஒரு கம்ப்யூட்டரை நம்புவதற்கு முன்னால் அதன் கடிகாரத்தைப் பார்க்கும். தன்னுடையதற்கும் அதற்கும் ஐந்து நிமிஷத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தால் ஏதோ வேஷக்காரன் என்று கதவைச் சாத்திவிடும். இது கல்லூரியில் இரண்டாம் வருஷப் பாடம். பதிவுகளில் முன்னது பின்னதாக வந்ததற்கும் அதுதான் காரணம். யாரும் திருத்தவில்லை, கடிகாரம் பின்னால் போனது, இயந்திரம் அதை அப்படியே எழுதியது. வேலை நேரத்தில் போன் பேசியது மாட்டிக்கொள்ளுமோ என்று பயந்துதான் சுபலட்சுமி போனைக் கவிழ்த்திருக்கிறாள். தினமும் ஒவ்வொரு நேரத்தில் கூட்டம் வடிந்ததும் அதனால்தான். ராகுகாலத்தில் எவன் புது வண்டி எடுக்க உள்ளே வருவான்? திங்கட்கிழமை மட்டும் அது எமகண்டம். அந்த வெறிச்சோடிய நேரத்தைப் பொறுக்கிப் பொறுக்கி இவள் பட்டனை அமுக்கியிருக்கிறாள். அந்த நேரத்தில்தான் மிச்சம் இருந்த பேப்பர்களுக்காகக் கவுண்டர்கள் கடிகாரத்தைத் தள்ளியிருக்கின்றன. மதுரை மண்ணில் பிறந்து வளர்ந்தவள், ஒரு தாள் காலண்டரைத் திரும்பிப் பார்த்திருந்தால் திங்கட்கிழமையே முடிந்திருக்கும். அதைவிட, திரையின் மூலையில் இருக்கிற கடிகாரத்தைப் பார்த்திருந்தால். ஆனால் ஆளைத் தேடிக்கொண்டிருந்தவளுக்குக் கடிகாரம் எப்படிக் கண்ணில் படும்?

கண்டுபிடித்துவிட்ட சந்தோஷம் அவளுக்குள் ஒரு கணம் துள்ளத்தான் செய்தது. அதை நினைத்துத்தான் பிற்பாடு அதிகம் வெட்கப்பட்டாள்.

"என்ன நடக்குது இங்க?" என்று வந்து நின்றார் வெள்ளைத்துரை.

"முதலாளி, நேரத்தத் தள்ளி வச்சுப் பேப்பர் எடுக்குறோம்ல, அத ரோகிணி களவுன்னு நெனச்சிருச்சு," என்றாள் கனகலட்சுமி. குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. மணிக்கட்டைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். "நீங்கதான முதலாளி செய்யச் சொன்னீங்க? வாடிக்கைக்காரவுங்க மனசு நோகக் கூடாதுன்னு. சாய்பிரசாத்கிட்டச் சொல்லி, நேரத்த மாத்துற மாதிரி எல்லாத்துலயும் வசதி செஞ்சு குடுக்கச் சொன்னதும் நீங்கதான."

முதலாளி பிடரியைச் சொறிந்தார். "ஆமா... சொன்னேன். அது எந்தக் காலத்துல சொன்னது." சுற்றிலும் பார்த்தார். நேற்றிலிருந்து அவர் தேடிய ஆள் அவராகவே இருந்தது அவருக்குச் சிரிப்பாக வந்தது போலும், சிரித்தே விட்டார். அருள்பாண்டியும் சிரித்தார். "நான் அப்பவே நெனச்சேன், கனகு அப்பிடிப்பட்ட ஆளு இல்லேன்னு," என்றும் சொன்னார்.

முதலில் முத்துத்தாய் குடும்பத்துக்குப் பேப்பர் அச்சாகி வந்தது. அவர்கள் கும்பிட்டு வாங்கிக்கொண்டு, ஸ்கூட்டரை எலுமிச்சம்பழத்தின் மேல் ஏற்றி நசுக்கிப் புறப்பட்டுப் போனார்கள். ரோகிணி எல்லாக் கம்ப்யூட்டர்களையும் சர்வரின் கடிகாரத்தோடு கட்டிப் போட்டாள். உடனே அனுப்பலாம் என்றாள்.

"ராகுகாலம் முடியட்டும்மா," என்றார் வெள்ளைத்துரை.

பன்னிரண்டு மணி வரை கடை முழுக்கச் சும்மா உட்கார்ந்திருந்தது. பிறகு அமுக்கினாள். தல்லாகுளம், ஒத்தக்கடை, டி. கல்லுப்பட்டி, ஒன்று பாக்கியில்லாமல் பச்சை.

"எல்லாஞ் சரி," என்றார் முதலாளி. "இனிமே நல்ல நேரம் கேட்டு வாரவுங்களுக்கு என்னத்தச் சொல்ல? பேசாம சர்வருக்கும் சேத்து நேரத்தத் தள்ளி வச்சுருவமா?"

அதற்கும் ஒரு வழி செய்தாள். உண்மையான நேரம் கீழே பொடி எழுத்தில் வரும். மேலே, மாலை போட்ட எல்லைக்கோட்டுக்குள், 'வாகனம் பெற்ற சுபநேரம்' என்று தனியாக ஒரு வரி. அதில் கவுண்டரில் இருப்பவர்கள் கையால் அடித்துக்கொள்ளலாம். முதலாளிக்கு ரொம்பத் திருப்தி. சொன்னபடி அன்று மாலையே அவளை நிரந்தரமாக்கிவிட்டார். ஆறு மாதமாக எதற்காக ஒவ்வொரு நாளும் பயந்து பயந்து கிடந்தாளோ அது கைக்கு வந்துவிட்டது. யாரிடம் முதலில் சொல்லலாம் என்று யோசித்தபோது, நினைவுக்கு வந்தது ஒரே ஒரு ஆள்தான். அந்த ஆளிடம் சொல்ல முடியாது.

கனகலட்சுமி பையை எடுத்துக்கொண்டு கிளம்பும்போது ரோகிணி வாசலில் போய் நின்றாள்.

"அக்கா, தப்புப் பண்ணிட்டேன். மன்னிச்சிருங்க."

"அதனால என்ன," என்றாள் கனகலட்சுமி. செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னாள். "ஒரு வார்த்த கேட்டிருந்தாச் சொல்லியிருப்பேனே. சாப்புடறப்பக் கேட்டிருந்தாக்கூடச் சொல்லியிருப்பேன்." பஸ் ஸ்டாப் பக்கம் நடந்து போய்விட்டாள்.

திங்கட்கிழமை அவள் வழக்கம்போல வந்தாள். வழக்கம்போலச் சிரித்தாள், சாவி கொடுத்தாள். மதியம் டிபன் பாக்ஸ் மூடி வரவில்லை. ரோகிணி அதை எதிர்பார்க்கவும் இல்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள், பொய்.

மூன்று மணி போல ஒரு குடும்பம் நட்சத்திரம் சொல்லி நேரம் கேட்டது. கனகலட்சுமி போனை எடுத்தாள்.

"பெரியப்பா, நான் கனகு பேசுறேன். தமிழ்ல பேசுங்க... இல்ல, தமிழ்ல. தமிழ்ல பேசுங்க பெரியப்பா!"

அந்தக் கிழவருக்கு ஒன்றும் பிடிபடவில்லை. என்ன ஆயிற்று, யாருக்கு உடம்பு சரியில்லை என்று அவர் பதறுவது ஜன்னல் வழியாகக் கேட்டது. அவள் ஒவ்வொரு சொல்லாக நிறுத்தி, கத்திக் கத்தித் தமிழில் சொன்னாள். "மக நட்சத்திரம். ம-க-ம். கௌரி நல்ல நேரம் எப்போ? ஒண்ணும் இல்ல பெரியப்பா. எல்லாரும் நல்லா இருக்கோம். சும்மாதான், தமிழ்ல பேசுங்க."

ரோகிணியால் உட்கார முடியவில்லை. எழுந்து போய் ஜன்னல் கண்ணாடியில் கை வைத்து, அதை மூட மெதுவாகத் தள்ளினாள்.

கனகலட்சுமி போனைக் காதிலிருந்து எடுக்காமலே திரும்பிப் பார்த்தாள். முகத்தில் கோபம் என்று சொல்ல எதுவும் இல்லை.

"தொறந்தே இருக்கட்டும் மேடம்," என்றாள். "உங்களுக்குக் கேக்கணும்ல."